நோவில்லாத நாளிற் பல் வைத்தியரைக் காணல்

(இந்து வாலிபர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



சமயச் சொற்பொழிவுகள் நிகழும் இம்மண்டபத்திலே பல்லைப்பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தீர்கள். உடம்பை ஆன்மா குடியிருக்கும் வீடென்று கொள்ளும் நாம், அவ்வீட்டின் தலைவாயிலைப்பற்றிச் சற்றுப் பேசுவதிற் குற்றமில்லை.

எம்மிடம் வருவோருட் பெரும்பாலார் கன்னத்தைக் கையாற் பொத்திக்கொண்டே வருகின்றனர். "எத்தனை நாளாய் நோகிறது?" என்று கேட்டால், "மூன்று இரவாய் நித்திரையில்லை, ஐயா, கராம்பு வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை" என்பர். அந்நிலையிற் பல்லைப் பிடுங்குவதன்றி வேறு வழி பலவேளைகளில் இருப்பதில்லை. சூத்தை எனாமலளவில் நிற்கும்போது நோவதில்லை. நரம்பை நெருங்கிய பின்னரே நித்திரையைக் கெடுக்கும். முரசு நோயோ அவ்வளவுகூட அறிவிப்பதில்லை.

இதற்குச் சான்று எமது மலைநாட்டிலேயே உண்டு. 1970ஆம் ஆண்டு தொடங்கி 1985 வரை, நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைக் காலத்துக்குக் காலம் பரிசோதித்தனர். பற்களை ஒழுங்காகத் துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ அத்தொழிலாளருக்கு இருக்கவில்லை. சூத்தைப் பல் அவர்களிடம் மிக அரிதாகவே காணப்பட்டது. ஆயினும் பல்லைப் பிடித்திருக்கும் பகுதி 100க்கு 8 பேரில் விரைவாகவும், 81 பேரில் மெல்லமெல்லவும் அழிந்தது; 11 பேரே தப்பினர். விரைவாக அழிந்தோர் 45 வயதளவிற் பற்கள் அனைத்தையும் இழந்தனர். 1986இல் வெளிவந்த இம்முடிவை உலகத்துப் பல் வைத்திய மாணவரெல்லாம் படிக்கின்றனர். பல் வைத்தியம் எட்டாத ஏழைகளின் வாயிலிருந்து உலகம் இப்பாடத்தைப் பெற்றது என்பதை எண்ண எமது மனம் கூசுகின்றது.

ஆகவே நோவில்லாத நாளில் வாருங்கள் என்கிறோம். வந்தாற் போதுமா? அரசாங்க ஆஸ்பத்திரியிலே இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் வெளியே வாங்கு நிறையச் சனம் காத்திருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடமே. கதிரையிற் சாய்ந்து வாயைத் திறந்த பின் பேச முடியாது. பேச வேண்டியதை முன்னரே பேசிவிடுங்கள். நீரிழிவு உண்டா, குருதியை இளக்கும் குளிகை எடுக்கிறீர்களா, இருதய வால்வில் நோயுண்டா, எந்த மருந்தாவது ஒவ்வாதா, கர்ப்பிணியா என்பனவற்றை வைத்தியர் கேட்குமுன் சொல்லுங்கள். குளிகைகளின் பெயர் நினைவில்லையென்றால் அந்தப் பைகளையே கொண்டு வாருங்கள். நீரிழிவுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிப்பதுண்டு. நீரிழிவு முரசு நோயை வளர்க்கும். முரசு நோய் முற்றினால் நீரிழிவும் அடங்க மறுக்கும்.

வைத்தியர் மெல்லிய கோலொன்றைப் பல்லுக்கும் முரசுக்கும் இடையே விட்டு அளப்பார். "என்ன அளவு, ஐயா? இரத்தம் வந்ததா?" என்று தயங்காது கேளுங்கள். 3 மில்லிமீற்றர் வரை அச்சமில்லை. அதற்கு மேற்பட்டால் முரசு பல்லை விட்டு விலகத் தொடங்கிவிட்டது என்பது கருத்து. காறை நீக்கினாற் பல் ஆடும் என்பது எம்மூரிற் பரவிய கதை. ஆடுகின்ற பல்லைக் காறையே மறைத்து நிற்கிறது. அது நீங்கியதும் உண்மை தெரிகிறது, பழி வைத்தியருக்கு வருகிறது! உமிக்கரியாற் பல்லைத் தேய்ப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது எனாமலைத் தேய்த்துவிடும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. இலங்கை ஆண்களிடையே புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கிறது. வெற்றிலை மங்கலப் பொருள். தாம்பாளத்திலிருந்து அதை எடுத்துவிடும்படி எவரும் கேட்கவில்லை. வாயிலிட்டு மெல்லும் பாக்கும் புகையிலையுமே வினை. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய் விளைப்பதென உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இலேயே கூறிற்று. புகையிலை சேராவிடினும் பாக்குத் தனித்தே புற்றை விளைக்கும் என 2004இல் வெளியிட்டது. "நான் புகையிலை போடுவதில்லையே" என்று ஆறுதற்படுவோர் இதைக் கவனிக்க.

புற்று வருமுன் பலருக்கு வாய் அடையாளம் காட்டும்: கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வரவர வாயை அகலத் திறக்க முடியாமை. இவற்றுட் பல ஆரம்பத்தில் நோவதில்லை. ஆதலின் வெற்றிலை போடுவதை மறையாது சொல்லி, "கன்னம், நாவின் ஓரம், நாவின் அடி எல்லாம் பாருங்கள்" என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பல்லுப் போன பாட்டிமார் "எனக்கேன் பல் வைத்தியர்?" என்பர். பல்லில்லாத வாயிலும் கன்னமும் நாவும் இருக்கின்றன. வெற்றிலைத் தட்டத்தோடு திண்ணையில் இருக்கும் அப்பாட்டிமாரையே முதலில் அழைத்து வாருங்கள். கட்டுப்பல் இருந்தால் அதையும் கொண்டு வரட்டும்.

எழும்பி வருமுன், அடுத்த முறை எப்போது வரவேண்டுமென்று கேளுங்கள். ஆறு மாதம் என்பது எல்லார்க்கும் பொதுவான கணக்கன்று. பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டு வகுத்த நெறிப்படி, வளர்ந்தோருக்கு அவரவர் வாயின் நிலைக்கேற்ப 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை தவணை நீளலாம். பிள்ளைகளுக்கு 12 மாதத்துக்கு மேற்படலாகாது. வைத்தியர் சொல்லும் தவணையைக் கலண்டரிற் குறித்து வையுங்கள்.

நேரமாகிவிட்டது. ஐயமுள்ளோர் இப்போது கேட்கலாம். சபையிற் கேட்கக் கூச்சப்படுவோருக்காகக் கூட்டம் முடிந்த பின் வெளி விறாந்தையில் இருப்போம்.