தறிக்குழியும் கடைஞாயிறும்

அடியார்க்குக் கீளும் கோவணமும் நெய்தளித்த நேச நாயனாருக்குக் கை தறியில், வாய் ஐந்தெழுத்தில். அவர் மரபினர் இக்காஞ்சியில் இன்றும் உளர்.

கார்த்திகை மழையில் தெருவிலே பாவு நீட்ட இயலாது. தறிக்குழியிலும் ஈரம் ஏறும். பிள்ளையார்பாளையத்தில் அடியேன் அறிந்த ஓர் இல்லத்தில் அவ்வாரம் கூலி குறைந்தது. கோர்வைச் சேலையில் கரை வேறு நிறம், உடல் வேறு நிறம். நெய்ய இருவர் வேண்டும். முன்னர் மறுபக்கம் நாடா வாங்கிய மகன் வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்டான். இப்பொழுது மனைவி அமர்கின்றார். பார்வை சற்று மங்கல். இழை தப்பினால் கணவர் சினவார், "ஏகம்பா!" என்று நகைத்து அவிழ்ப்பார். மாலையில் இருவருக்கும் சுக்குக் காப்பி. (அதன் சுவையை அடியேனும் அறிவேன்!)

ஞாயிறன்று கச்சபேசுவரர் கோயிலில் மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலையிற் சுமந்து வலம் வந்தனர். சட்டியை இறக்கியதும் அம்மையார் கேட்டது இதுவே: "என்னங்க, நாளைக்கு வெயில் அடிக்குமா?"