தோள்பட்டை இறுகிப் போனால்...

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் பேசியது)

முதலில் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள் பார்ப்போம். சரி, இறக்குங்கள். இப்போது ஒவ்வொரு கையாகப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொடுங்கள். தொட முடியாமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரித்தீர்களே சில பேர், உங்களுக்காகத்தான் இன்றைக்கு நான் வந்திருக்கிறேன்.

தலை வார முடியவில்லை, கொண்டை போட முடியவில்லை, சேலையைப் பின்னால் சொருக மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் உயிர் போகிறது. இப்படிப் பல அக்காமார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "வேலை செஞ்ச கை, வலிக்கத்தான் செய்யும்"னு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் சீட்டில் இதை ஃப்ரோசன் ஷோல்டர் அல்லது பெரி ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுவார்.

தோள் மூட்டைச் சுற்றி ஒரு தளர்வான உறை இருக்கிறது. அது வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. புதுத்துணியில் தைத்த ஜாக்கெட் முதல் துவைப்பிலேயே சுருங்கிக் கையைப் பிடிக்குமே, அந்த மாதிரி. பெரும்பாலும் 40 வயதிலிருந்து 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அதனால் தோள் இறுகினால் சர்க்கரையைக் கட்டாயம் பரிசோதியுங்கள். தோள் வலிக்காக வந்த இடத்தில்தான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது என்பவர்களும் உண்டு.

முதல் சில மாதம் வலி அதிகம். பிறகு வலி குறையும், ஆனால் கை அசையாது. அதற்கப்புறம் மெல்ல மெல்லத் தளரும். மொத்தத்தில் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். ஒரே வாரத்தில் சரி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்கவும் உருவவும் விடாதீர்கள். வலி இன்னும் கூடிவிடும். அதற்காகத் தூளி கட்டித் தொங்கவிட்டு, கையை ஆட்டாமலே வைத்திருப்பதும் தப்பு.

பயிற்சிக்குச் செலவு இல்லை. முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிடம் ஒத்தடம். சர்க்கரையால் தோல் மரத்துப் போனவர்கள் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

திண்ணையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிடுங்கள். உடம்பை லேசாக ஆட்டினால் கை ஊஞ்சல் மாதிரி தானே ஆடும். முன்னும் பின்னும், பிறகு சின்ன வட்டமாக. வலி அதிகமுள்ள காலத்தில் இது ஒன்றே போதும்.

கொஞ்சம் தணிந்த பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்வது போல மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் கரிக்கோடு போடுங்கள். அடுத்த வாரம் அதைத் தாண்டியிருக்கிறோமா என்று பார்க்கலாம். தோளைக் காதுப் பக்கம் உயர்த்தி ஏறினால் கணக்கில் சேராது!

அடுத்தது இரண்டடிக் குச்சி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் கை வெளிப்பக்கம் திரும்புவதுதான் முதலில் போகும். முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்து, குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கிற கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். கடைசியாக, குளித்து முதுகு துடைக்கிற மாதிரி துண்டைப் பின்னால் பிடித்து, மேலே இருக்கிற நல்ல கையால் மெதுவாக இழுங்கள்.

ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலை, மதியம், இரவு. இழுக்கிற மாதிரி வலி இருக்கலாம். ஆனால் பயிற்சி முடிந்து வெகுநேரம் வலித்தால், தூக்கம் கெட்டால், மறுநாள் பாதியாகக் குறையுங்கள். வலி தாங்காதவர்களுக்கு மருத்துவர் மூட்டில் ஊசி போடுவதுண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சில நாள் சர்க்கரையை ஏற்றும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கீழே விழுந்த பிறகு கை தூக்க முடியவில்லை என்றால் பயிற்சி வேண்டாம், முதலில் எக்ஸ்ரே. நெஞ்சு பாரம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தோள் வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்கள் கேளுங்கள்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் சேர்க்கப்பட்டது. நம் குழுப் பெண்களே அதில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இப்போ கை தூக்க முடியாதவங்க எல்லாரும் இந்தச் சுவர்ப் பக்கமா வாங்க, ஒருத்தர் ஒருத்தரா செய்து பார்ப்போம்.