மீன் தேடும் புரதம்

ஐதராபாத்தில் குடியேறிய தமிழர் ராம்நகர் மீன் சந்தைக்குச் சென்றால், முதலில் பெயர்களைப் புதிதாகக் கற்க வேண்டும். நம் விரால் அங்கே கொர்ரமீனு. நம் கெளுத்தி அங்கே ஜெல்ல. பெயர் மாறினும் ருசி மாறவில்லை என்று மகிழ்கிறோம். ஆனால் கெளுத்தி இனத்து மீன்களுள் பல இன்று ஆற்றில் பிடிபட்டவை அல்ல. குளத்தில் தீனியிட்டு வளர்க்கப்பட்டவை. கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிக் குளங்களில் வளரும் பங்காசியஸ் அத்தகையது. அவை என்ன உண்டு வளர்ந்தன என்பது நம்மையும் பற்றிய செய்தியே.

மீன் வளர்ப்பில் பெருஞ்செலவு தீனிக்கே. தீனியில் விலை மிகுந்தது புரதம். ஆகவே, மலிவான புரதத்தை நிறையப் போட்டால் போதாதா என்று வளர்ப்பவர் எண்ணுவது இயல்பு. போதாது என்கிறது விஞ்ஞானம். மீனுக்கு வேண்டியது புரதத்தின் எடை மட்டுமன்று. அதிலுள்ள அமினோ அமிலங்களின் பொருத்தமும் ஆகும். அவற்றுள் பத்தினை மீன் தன் உடலில் வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும்.

இந்த உண்மை நம் சமையலறைக்குப் புதிதன்று. அரிசியில் லைசின் என்னும் அமிலம் குறைவு. உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் குறைந்த மெதியோனினை அரிசி ஈடு செய்கிறது. இரண்டும் கூடிய இட்லி, தனித்தனியே நிற்கும் இரண்டையும்விடச் சிறந்த உணவு.

மீனுக்கும் இதுவே முறை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சேனல் கெளுத்தியை ஆராய்ந்தவர்கள், அது உண்ணும் புரதம் 100 பங்கில் ஏறத்தாழ 5 பங்கு லைசின் இருக்க வேண்டும் எனக் கண்டனர். நம் நாட்டில் நெடுங்காலமாகத் தவிட்டுடன் கலந்து இடப்படும் கடலைப் பிண்ணாக்கின் புரதத்தில் லைசின் சுமார் 3½ பங்கே. பிண்ணாக்கை மட்டுமே நம்பினால், புரதத்தில் ஒரு பகுதி தசையாக மாறாது. மீன் அதை எரித்து, அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. பணமும் போயிற்று, குளமும் கெட்டது. லைசின் மிகுந்த சோயாவும், லைசினும் மெதியோனினும் ஒருங்கே கொண்ட மீன்தூளும் அளவறிந்து சேர்ந்தால், 28 முதல் 32 விழுக்காடு புரதமே வளர்ந்த மீனுக்குப் போதுமானது.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதை இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்தது. ஆயினும் ஐதராபாத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் இறைச்சிக் கழிவையிட்டு அதனை மறைவாக வளர்த்ததும், அதிகாரிகள் அவற்றை அழித்ததும் செய்தியாக வந்துள்ளன. கழிவிலும் புரதம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கழிவு அழுகும்போது நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும். மற்ற மீன்கள் மடிந்து, வளர்ப்பவரை எச்சரித்துவிடும். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் இந்த மீனோ அந்தச் சாக்கடையிலும் பிழைத்துக்கொள்ளும். அதன் வலிமையே நமக்கு ஆபத்தாகிறது. தப்பி ஏரியில் புகுந்தால், நாட்டு மீன்களையும் அது விழுங்கும்.

தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் 2006ஆம் ஆண்டு முதல் இதே ஐதராபாத்தில் இயங்கி வருகிறது. நல்ல தீனியைப் பற்றிய அறிவு நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஆகவே, அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது விலையை மட்டும் கேளாதீர்கள். எந்தக் குளத்து மீன், என்ன தீனி என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால், வளர்ப்போரும் கருதத் தொடங்குவார்கள்.