மண்ணை மதித்த மாதரசி



கடல் கடந்து வந்து நம் நாட்டில் கட்டடக் கலையால் புகழ்பெற்ற ஓர் அம்மையாரைப் பற்றி இவ்வெள்ளி விழாவில் சில சொல்ல விழைகின்றோம்.

அவர் பெயர் தீதி கான்டிராக்டர். 1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். தந்தை செர்மானியர், தாய் அமெரிக்கர், இருவரும் ஓவியர்கள். கல்லூரியில் கலை பயின்ற காலத்தில், அங்குப் பொறியியல் பயின்ற இந்திய மாணவர் ஒருவரை மணந்து இந்தியா வந்தார். நாசிக்கிலும் பம்பாயிலும் வாழ்ந்தபின், 1970களில் இமாசலப் பிரதேசத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் குடியேறினார்.

கட்டடக் கலையில் அவர் பட்டம் பெற்றவர் அல்லர். அறுபது வயதையொட்டியே அப்பணியில் முழுமையாக இறங்கினார். வெயிலில் உலர்த்திய சுடாத செங்கல், மூங்கில், ஆற்றுக்கல், கூரைக்குக் கற்பலகை என அவ்வூரில் கிடைத்தவற்றையே கொண்டு கட்டினார். ஈரம் ஏறாதிருக்கக் கல் அடித்தளமும், சாரல் படாதிருக்க நீண்ட இறவாரமும் அமைந்தால் மண்சுவர் நெடுங்காலம் நிற்கும். சித்பாரியில் உள்ள நிஷ்டா மருத்துவ நிலையமும், பீர் என்னும் ஊரில் உள்ள தர்மாலயா நிலையமும் அவர் திறனுக்குச் சான்றுகள். மத்திய அரசின் நாரி சக்தி விருது 2019இல் அவருக்கு வழங்கப்பட்டது. 2021 சூலை 5ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நாம் கருத வேண்டியன இரண்டு.

மண் குழைத்ததும் சுவர் வைத்ததும் ஓலை வேய்ந்ததும் நம் முன்னோர் கைகளே. அவர்தம் மண்வீட்டை உலகம் இழிவின் அடையாளம் என்றது. அம்மையாரின் மண்வீட்டைக் கலை என்றது. விரும்பி மண்வீட்டில் வாழ்வது வேறு. வேறு வழியின்றி வாழ்வது வேறு. எனவே, மழையில் பூரித்து வெயிலில் வெடிக்கும் இக்கரிசல் பூமியில் காரைவீடு வேண்டும் என நம் தாய்மார்கள் கேட்பதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் முன்னோரின் கைத்திறனை நாமே தாழ்வாக எண்ணுதல் தகாது.

பட்டமின்றியே அவர் உயர்ந்தாரே என மாணவர் சிலர் எண்ணக்கூடும். ஓவியர்தம் மகளுக்குப் பிறந்த வீடே பள்ளியாயிற்று. நம் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. மேலும், பதிவு பெறாத எவரும் தம்மைக் கட்டடக் கலைஞர் என அழைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. வாழ்நாள் முழுதும் வீடு கட்டிய நம் கொத்தனாரும் சித்தாளும் கூலியாள் என்றே எழுதப்படுகின்றனர். கையறிந்த தொழிலுக்குக் கையொப்பமிடும் உரிமையைத் தருவது பட்டமே. அண்ணல் அம்பேத்கர் 1913இல் கடல் கடந்து கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதும் அத்தகைய உரிமை நாடியே அன்றோ?

மாணவியரே, மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுத்துப் படியுங்கள். நாட்டா என்னும் நுழைவுத் தேர்வை எழுதுங்கள். அதன்பின் ஐந்தாண்டுப் படிப்பு, செலவு மிக்கதே. அச்செலவில் ஒரு பங்கை ஏற்க இக்கழகம் முன்வர வேண்டும் என இவ்வவையில் வேண்டிக்கொள்கின்றோம். சித்தாளின் மகள் வரைந்த படத்தைக் கொண்டு இவ்விளாத்திகுளத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழுமாயின், பொன்விழாவுக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.