அமானிதமும் அடகும்

 

இன்று நீங்கள் பட்டம் வாங்கும் இந்த மேடையில், இஸ்லாமிய அறவியலும் உயிரியல் மருத்துவமும் என் துறை என்று அறிமுகம் செய்தார்கள். அது என்ன வேலை என்று என் வீட்டிலேயே இன்னும் கேட்கிறார்கள். பதிலுக்குக் கெய்ரோ, தோஹா என்று போக வேண்டாம். அம்பத்தூரிலிருந்து பாடியைத் தாண்டினால் வில்லிவாக்கம், அது போதும்.

உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பு அந்த ஊருக்குக் 'கிட்னிவாக்கம்' என்று இன்னொரு பெயர் இருந்தது. கடன் கழுத்தை நெரித்தபோது சிறுநீரகத்தை விற்றவர்கள் அங்கே அவ்வளவு பேர். 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைக் குற்றமாக்கியது. ஆனால் உறவில்லாத ஒருவர் அன்பு, பற்று காரணமாகத் தரலாம், அனுமதிக் குழு ஒப்புக்கொண்டால் போதும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. முன்பின் தெரியாத பணக்கார நோயாளிகள் மேல் ஏழைகளுக்கு அந்த நாட்களில் பொங்கிய பாசத்தை என்னவென்று சொல்ல! 2001 பிப்ரவரியில், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் நேரில் கண்டு பேசினார்கள். 96 சதவீதத்தினர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு அவர்களுடைய குடும்ப வருமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் அப்போதும் தீரவில்லை.

இஸ்லாமிய மார்க்கம் என்ன சொன்னது? 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி, உறுப்பை நிபந்தனைகளோடு தானமாகத் தரலாம், விற்கக் கூடாது என்றது. உடல் இறைவன் தந்த அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அமானிதத்தை யாரும் அடகு வைக்க முடியாது. சரியான தீர்ப்புதான், சட்டமும் சரிதான். ஆனால் இரண்டுமே கந்துவட்டிக்காரனைத் தொடவில்லை. வட்டி ஹராம், அதாவது விலக்கப்பட்டது, என்பது நம் ஃபிக்ஹ் நூலில் ஓர் அத்தியாயம், உறுப்பை விற்பது ஹராம் என்பது வேறோர் அத்தியாயம். சிறுநீரகம் விற்ற வில்லிவாக்கத்துப் பெண்ணுக்கு, அவர் எந்த மதத்தவராகவும் இருக்கட்டும், இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தவை. அந்த இரண்டு அத்தியாயங்களையும் ஒன்றாக வைத்துப் படிப்பதுதான் என் வேலை.

இந்தத் துறைக்குள் வருவதற்கு ஒரே பாதை என்று இல்லை. முஹம்மது காலி எகிப்தின் அல்-அஸ்ஹரில் படித்தவர். நெதர்லாந்தின் லைடனில் முனைவரானார். இறையியலிலும் ஃபிக்ஹிலும் ஊனமுற்றோர் நிலை பற்றி 2010-இல் நூல் எழுதினார். இப்போது தோஹாவில் ஹமத் பின் கலீஃபா பல்கலைக்கழகத்திலிருந்து மரபணு ஆய்வின் அறச் சிக்கல்களை எழுதுகிறார். கராச்சியின் ஃபர்ஹத் மொஅஸ்ஸம் நேர்மாறாக வந்தார். குழந்தைகள் அறுவை நிபுணர், ஆகா கான் பல்கலைக்கழகத்தில் அறுவைத் துறையின் தலைவர். பெரிய நாற்காலியை விட்டு இறங்கி, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சமயவியல் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். ஆய்வுக்காக நூலகத்தில் முடங்கவில்லை. கராச்சியின் சிறுநீரக மாற்று வார்டில் போய் உட்கார்ந்தார். தருவது யார் என்று குடும்பத்துக்குள் எப்படி முடிவாகிறது, மருத்துவர் அதில் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார் என்பதையெல்லாம் பார்த்து எழுதி, 2006-இல் நூலாக்கினார். என்னைக் கேட்டால் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) தொகுப்புகளைப் புரட்டுமுன் அந்த நூலைத்தான் படிக்கச் சொல்வேன்.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று: மூளைச்சாவு மரணம்தானா? 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்பவரின் இதயம், போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்ட சாலைகளில், தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு வந்தது. தமிழ்நாட்டின் உறுப்பு தானத்துக்கு முகம் கிடைத்த நாள் அது. அதே போன்ற ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆவடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பம் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "கிட்டத்தட்ட இறந்த மாதிரிதான்" என்கிறார் ஊழியர். அது அப்படியே பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்துக்குப் போன் மூலம் போகிறது. "உயிர் இருக்கிறதென்றால் அறுக்கக் கூடாது" என்கிறார் அவர். கேட்ட கேள்விக்கு அவர் தந்த பதிலில் பிழையே இல்லை. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது வேறு: மூளைத்தண்டின் செயல் மீளாமல் நின்றுவிட்டது, நான்கு மருத்துவர் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தது, நெஞ்சு ஏறி இறங்குவது வென்டிலேட்டரால்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவர் தயங்கலாம். 1986-இல் அம்மானில் கூடிய அதே ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் எல்லாச் செயல்களும் மீளமுடியாமல் நின்றால் அது மரணமே என்று ஏற்றது. அடுத்த ஆண்டே மக்காவில் கூடிய வேறொரு ஃபிக்ஹ் சபை, கருவியை அகற்றலாம், ஆனால் மூச்சும் இதயமும் நின்ற பிறகே மரணம் என்று தீர்ப்பளிக்க வேண்டும் என்றது. நம் நாட்டுச் சட்டமோ மூளைத்தண்டு மரணத்தைப் பேசுகிறது. அம்மான் பேசியது முழு மூளையை. இந்த இடைவெளியை ஹஜ்ரத்துக்கு விளக்க நரம்பியல் தெரிய வேண்டும். மருத்துவருக்கு விளக்க ஃபிக்ஹ் தெரிய வேண்டும். இடையே அந்தத் தாய் கேட்பது வேறு: "மையத்து (உடல்) எப்போது கையில் கிடைக்கும், இன்றைக்கே அடக்கம் செய்ய முடியுமா?" விபத்து என்றால் போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் உண்டு. நேரத்தை நேர்மையாகச் சொல்ல ஓர் ஆள் அங்கே வேண்டும்.

எல்லாமே மரண வாசல் கேள்விகள் அல்ல. ரமலானில் இன்சுலின் போட்டால் நோன்பு முறியுமா என்பதுதான் உங்கள் காதில் அதிகம் விழப்போவது. ஊட்டச்சத்து ஏற்றும் ஊசிதான் முறிக்கும், மற்ற ஊசிகள் முறிக்காது என்று 1997-லேயே அந்த ஃபிக்ஹ் அகாடமி சொல்லிவிட்டது. இது தெரியாமல் ஊசியை விட்டுவிட்டு நோன்பைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை தாழ்ந்தால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பீர்கள். அரபும் அறிவியலும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கும் விளம்பரம் நாளிதழில் வராது, நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் 2019-இன் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி ஒவ்வொரு அறநெறிக் குழுவிலும் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதில் ஓர் இடம் தன்னார்வத் தொண்டு நிறுவனப் பிரதிநிதி, தத்துவவாதி, அறவியலாளர், சமயவியலாளர் போன்ற ஒருவருக்கு உரியது. பூந்தமல்லி சாலையோர மருத்துவக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. பல குழுக்களில் அந்த இடத்தில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறார். அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு நடத்துகிறது. அதை முடித்து, மதரஸா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாலைந்து வருடம் உட்கார்ந்து ஓதிய ஒருவர் அந்த இடத்துக்கு வந்தால், ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நிறுத்தி, "இந்த நோயாளிக்குக் கடன் எவ்வளவு?" என்று கேட்பார்.