நூலகத்திற்குக் கடன்: ஐம்பது ஆண்டுத் தவணை

பொது நூலகங்களைப் பேணுவது மாநிலங்களின் பொறுப்பு. எனவே மத்திய அரசின் உதவி நெடுங்காலம் மானியமாகவே வந்தது. 1972-இல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை அதற்குக் கருவியாயிற்று. 2023-24 நிதியாண்டில் வேறொரு வழியும் திறந்தது. மூலதனச் செலவுக்கென மாநிலங்களுக்கு அளிக்கப்படும் சிறப்பு உதவித் திட்டத்தில், ஊராட்சி, வார்டு அளவில் சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் நூலகங்களும் கணினி வசதிகளும் அமைக்க 5,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது மானியமன்று, கடன். வட்டியில்லை, தவணைக் காலம் 50 ஆண்டுகள்.

இச்சலுகை எத்தகையது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆண்டு வட்டி 7 விழுக்காடு எனக் கொண்டால், ஐம்பதாம் ஆண்டு முடிவில் செலுத்த வேண்டிய 100 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 3 ரூபாய் 40 காசுதான். பெயரளவில் கடனாயினும் பெரும்பகுதி மானியமே எனலாம். மத்திய அரசின் கடன் நிலுவையிலுள்ளவரை புதுக்கடன் திரட்ட அதன் இசைவு வேண்டும் என்னும் அரசியலமைப்பின் 293(3) விதி மட்டும் அத்துணை ஆண்டுகளும் உடன் வரும்.

திருப்பிச் செலுத்துவது சுமையன்று; சுமை வேறிடத்தில் உள்ளது. கட்டடம் ஐம்பது ஆண்டுகள் நிற்கலாம். கணினி ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகும்; சிறுவர் கையில் புழங்கும் நூல் அதற்கு முன்பே தாள் பிரியும். நூலகர் சம்பளம், இதழ்ச் சந்தா, மின் கட்டணம் ஆகியவை மூலதனச் செலவாகா. ஆண்டுதோறும் தவணை கட்ட வேண்டிய கடனாயின், நிதித்துறை அந்த நூலகத்தை ஆண்டுக்கொரு முறையேனும் நினைத்திருக்கும்!

இத்தொடர்செலவுக்குச் சில மாநிலங்களில் வழி உண்டு. 1948-ஆம் ஆண்டு சென்னைச் சட்டம் சொத்துவரியின்மீது நூலக மேல்வரி விதித்தது. 1960-ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டத்தின் கீழ் இது ரூபாய்க்கு 8 காசு என்றாயிற்று. மகாராஷ்டிரத்தின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மேற்கு வங்கத்தின் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மேல்வரி இல்லை. அங்கு நூலகம் வரவு-செலவுத் திட்டத்தையே நம்பியுள்ளது. மேல்வரி உள்ள இடங்களிலோ, வசூலித்த தொகையை உள்ளாட்சி மன்றங்கள் நூலக அமைப்புகளிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பழைய நோய்.

ஆகவே கடனுக்கு ஒப்புதல் அளிக்கும் ஆணையிலேயே இரண்டு நிபந்தனைகள் இடம்பெறுதல் நலம். கட்டப்படும் ஒவ்வொரு நூலகத்திற்கும் பராமரிப்புத் தொகை தனிக் கணக்குத் தலைப்பில் காட்டப்பட வேண்டும். மேல்வரி நிலுவையுள்ள மன்றங்கள் அதைத் தீர்க்கும் கால அட்டவணையை முதலில் அளிக்க வேண்டும். கட்டடத்திற்கான பணம் அதன் பின்னரே விடுவிக்கப்படலாம்.