பாட்டி கொடுத்த பாதி விதை

(குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பள்ளித் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

சாமல்பட்டிப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி துணி முடிச்சில் கொஞ்சம் வெள்ளரி விதை கொண்டுவந்தாள். அவள் பாட்டி பல வருடங்களாக எடுத்து வைத்து விதைத்து வரும் நாட்டு வெள்ளரி. குட்டையான, வெளிர்பச்சைக் காய். தை மாதக் கடைசியில் அத்தனை விதையையும் ஊன்றினோம். பக்கத்துப் பாத்தியில் கடையில் வாங்கிய வீரிய ஒட்டு வெள்ளரியையும் போட்டோம். இரண்டும் நன்றாகக் காய்த்தன. பாட்டி வெள்ளரியில் ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்தோம். எல்லாம் சரி என்றே நினைத்தேன்.

அடுத்த ஆண்டு அந்த விதையை விதைத்தபோது கொடிக்கு ஒரு மாதிரி காய்த்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கரும்பச்சை. பிள்ளைகள், "டீச்சர், இது பாட்டி காய் இல்லையே" என்றார்கள். பத்தாம் வகுப்பில் மெண்டலைப் பற்றிப் படித்தவள்தான் நான். தோட்டத்தில் மறந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். வெள்ளரியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கும். மகரந்தத்தைக் கொண்டுபோவது தேனீ. அதற்கு நம் பாத்தி எது, கடை விதைப் பாத்தி எது என்று தெரியாது. கலப்பு நடந்த ஆண்டில் காயைப் பார்த்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியினுடையது. கலப்பு விதைக்குள் இருக்கும், அடுத்த தலைமுறையில்தான் வெளியே வரும். சான்று விதை உற்பத்தியில் இரண்டு வெள்ளரி ரகங்களுக்கிடையே அரை கிலோமீட்டர் இடைவெளி கேட்பது இதனால்தான்.

நம் பகுதிக்கு இது முக்கியம். ஓசூர், கிருஷ்ணகிரியிலும் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் ஏற்றுமதிக்காக ஒப்பந்த முறையில் கெர்கின் பயிரிடுகிறார்கள். 2020-21இல் இந்தியா 2 லட்சம் டன்னுக்கு மேல் வெள்ளரியும் கெர்கினும் ஏற்றுமதி செய்தது. விவசாயிக்கு அது வருமானம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கெர்கினும் வெள்ளரி இனம்தான், நாட்டு வெள்ளரியோடு கலக்கும். வெடித்து மாவாக உதிரும் வெள்ளரிப்பழம் வேறு இனம். வெள்ளரிக்கு 14 குரோமோசோம், அதற்கு 24. பக்கத்தில் இருந்தாலும் கலக்காது. நம் வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் இவற்றுக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு செடிக்கு வருவதைப் பார்த்ததும், அறிவியல் பெயர் எதற்கு என்று அவர்களே சொல்வார்கள்.

வெட்கத்தோடு பாட்டியிடம் போனேன். அவர் சிரித்தார். "எல்லா வெதயையும் ஒருத்தர் கையில குடுப்பாங்களா டீச்சரம்மா? பாதிய சாம்பல்ல போட்டு வெச்சிருக்கேன்."

இந்த முறை கவனமாகச் செய்தோம். மறுநாள் மலரப்போகும் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டினோம். பெண் மொட்டின் அடியில் குட்டிக் காய் இருக்கும், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் சூலகமுடியில் தடவி, மறுபடி கட்டிவிட்டோம். காம்பில் சிவப்பு நூல் அடையாளம். இப்படிப் பல கொடிகளில் செய்தோம். ஒரே கொடியின் விதையை மட்டும் நம்பக்கூடாது.

அந்தக் காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே மஞ்சளாகப் பழுக்கவிட வேண்டும். பிறகு விதையைச் சதையோடு வழித்து, ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டால் வழுவழுப்பு நீங்கும். தண்ணீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, ஈரம் படாத டப்பாவில் வைத்தோம். டப்பாவின்மேல் கொடுத்தவர் பெயர், ஊர், எடுத்த மாதம் எல்லாம் எழுதினோம். நன்றாக உலர்ந்த விதை சில ஆண்டுகள் முளைப்புத் திறனோடு இருக்கும்.

விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறிக்கொள்ளலாம் என்று 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் கையில் விதை இருந்தால்தானே அந்த உரிமைக்குப் பொருள்?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் ஒரு விதையையாவது பிள்ளைகள் வழியாக வாங்கி, கலப்பில்லாமல் காப்பாற்றட்டும். வாங்கியதில் பாதியை மட்டும் விதையுங்கள். விளைந்ததும், கொடுத்தவருக்கு முதலில் திருப்பிக் கொடுங்கள்.

நாங்கள் ஒரு டப்பா நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டி ஒரு விதையைப் பல்லில் கடித்துக் காய்ச்சலைப் பார்த்துவிட்டு, "நல்லா காஞ்சிருக்கு" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைப் பெரிதாக நினைக்கிறேன்.